வீட்டு வேலை வேறு, நடை வேறு

போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் என் மனைவிக்கு ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. "பார்டர்தானேங்க, விடுங்க" என்றாள். எனக்கு விட முடியவில்லை. 14 வருடங்களுக்கு முன், மகள் வயிற்றில் இருந்தபோது, அவளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு போய்விட்டது. நாங்களும் மறந்துவிட்டோம்.

மறந்திருக்கக் கூடாது. 2009-ல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, இப்படி வந்து போன பெண்களுக்குப் பிற்காலத்தில் டைப் 2 சர்க்கரை வரும் வாய்ப்பு, மற்ற தாய்மார்களைவிட 7 மடங்குக்கும் மேல். பிள்ளைகளுக்கும் வாய்ப்பு கூடுதல். அன்றிலிருந்து ராத்திரி உட்கார்ந்து படித்ததன் குறிப்புகள்தான் இது. (நான் டாக்டர் இல்லை, கோடு எழுதுகிறவன். மருந்து விஷயத்துக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.)

டாக்டர் "தினமும் நடங்க" என்றார். "நாள் முழுக்க வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டுதானே இருக்கேன்?" என்று இவள் என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வி.

முதலில் நடை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் தசைக்குள் போக குளூட்4 என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து கதவு திறக்க வேண்டும். வழக்கமாக அதற்கு உத்தரவு போடுவது இன்சுலின். இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களுக்கு அந்த உத்தரவு சரியாகப் போய்ச் சேராது. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் சொல்லாமலேயே குளூட்4 மேலே வரும். எங்கள் பாஷையில் சொன்னால், மெயின் லைன் மக்கர் பண்ணும்போது பேக்கப் லைன். தொடை, பின்புறத் தசைகள் உடம்பிலேயே பெரியவை. அவற்றை வேலை வாங்க எளிய வழி நடை.

இப்போது அந்தக் கேள்வி. அமெரிக்காவில் 70,000-க்கும் மேற்பட்ட நர்ஸுகளை 8 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1999-ல் வெளியானது. கடும் உடற்பயிற்சி செய்யாமல் வெறுமனே நடந்தவர்களிலும், அதிகம் நடந்தவர்களுக்குச் சர்க்கரை வருவது குறைந்திருந்தது. அதில் நடையின் வேகத்துக்கும் பங்கு இருந்தது. வேகமான நடை என்று அவர்கள் எடுத்துக்கொண்டது மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 80 மீட்டர். பேச முடியும், பாட முடியாது. அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடக்கும் நடையில் நாலு எட்டு வைத்ததும் நிற்க வேண்டியிருக்கிறது. அது வீண் இல்லை, ஆனால் இது அது இல்லை.

"நம்ம ஊருக்கு இது பொருந்துமா?" என்றால், சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேர். நடை, சாப்பாட்டு மாற்றம் இரண்டும் சேர்ந்து 3 ஆண்டுகளில் ஆபத்தை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 26.4 சதவீதம். எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிடைத்தது. இதில் நடையின் பங்கை மட்டும் தனியே பிரிக்க முடியாது. இன்னொன்று, அந்த 531 பேரில் பெண்கள் 110 பேர்தான்.

2022 கணக்குப்படி இந்தியாவில் போதிய உடல் உழைப்பு இல்லாதவர்கள் ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடாதீர்கள். காரணம் என் வீட்டிலேயே இருந்தது. மகள் ஏழாவது வரை சைக்கிளில் சுற்றினாள். வயதுக்கு வந்த பிறகு டியூஷனுக்கு நான்தான் பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன். தூரம் 1.2 கிலோமீட்டர். நிமிடத்துக்கு 80 மீட்டர் என்றால் 15 நிமிடம். போக வர 30, வாரம் 5 நாள், ஆக 150 நிமிடம். பெரியவர்களுக்குச் சொல்லப்படும் வாராந்திர அளவு அப்படியே! அவள் வயதுக்குத் தினம் 60 நிமிடம் வேண்டும். அதில் பாதியைப் "பாதுகாப்பு" என்ற பெயரில் நானே பிடுங்கியிருக்கிறேன்.

இப்போது மாலையில் அம்மாவும் பெண்ணும் சேர்ந்து நடந்து போகிறார்கள். திரும்பும்போது நான் போய்க் கூட நடந்து வருகிறேன்.

இன்னொரு சின்ன ஆய்வு, 2013-ல் வந்தது. 60 வயது தாண்டிய 10 பேர்தான். ஒரேயடியாக 45 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு 15 நிமிடம் நடந்தது ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியது. இதை உற்சாகமாக மனைவியிடம் சொன்னேன்.

"நடக்கலாங்க. சிங்க்ல கிடக்கிற பாத்திரத்தை யார் கழுவுவா?"

எந்த ஆய்விலும் இதற்குப் பதில் இல்லை. மூன்று வாரமாக நான் கழுவுகிறேன். ஹெச்பிஏ1சி ஏறக்குறைய 3 மாதச் சராசரி என்பதால், அடுத்த பரிசோதனை இன்னும் இரண்டு மாதம் கழித்து. எண் என்ன வந்தாலும் இங்கே எழுதுகிறேன்.