பழைய சோபா, புது வேலை

பத்மநாபபுரம், தக்கலைப் பக்கத்திலிருந்து நாகர்கோவில் போகிறவர்களுக்கு கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியைத் தெரியும். அந்த கேத்தரின் யார் தெரியுமா, நேயர்களே?

குடிக்கு எதிராக இங்கிலாந்தில் மேடையேறிப் பேசியவர். 1865-இல் கணவர் வில்லியம் பூத்தோடு சேர்ந்து இவர் தொடங்கிய ஊழியம்தான் பின்னாளில் இரட்சணிய சேனை ஆனது.

இன்று அமெரிக்காவில் அந்தச் சேனையின் மறுவாழ்வு இல்லங்களுக்குக் குடியை விட நினைத்து வரும் ஆண்களுக்கு, ஜெபத்தோடு வேலையும் காத்திருக்கிறது. யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய சோபாவை லாரியிலிருந்து இறக்க வேண்டும். மூட்டை மூட்டையாக வந்த சட்டைகளைத் தரம் பிரிக்க வேண்டும். சோபாவின் மறுமுனையைப் பிடிப்பவரும் குடியோடு மல்லுக்கட்டியவர்தான். பேச்சுத்துணைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?

அந்தச் சாமான்கள் சேனையின் கடைகளில் விலைபோகின்றன. இல்லத்தின் செலவும் பெரும்பாலும் அந்தக் காசில்தான்.