ரத்லம் தெருக்காரர்கள் காட்டிய வழி

குஷாய்குடா, ஈ.சி.ஐ.எல்., கமலாநகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எங்கே கூடினாலும் பேச்சு கடைசியில் சாக்கடைக்கும் குப்பைக்கும் வந்து சேர்ந்துவிடும். "மனு கொடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை" என்பார் ஒருவர். "பிழைக்க வந்த ஊரில் நமக்கேன் சார் வம்பு?" என்பார் இன்னொருவர். வீட்டு வரி ரசீதில் தமிழருக்குத் தனிக் கட்டணம், தெலுங்கருக்குத் தனிக் கட்டணம் என்று கிடையாது. எனவே இரண்டாமவரை விட்டுவிட்டு முதல்வருக்கே பதில் சொல்கிறேன்.

ரயில்வேயில் இருந்தவர்களுக்கு ரத்லம் பழகிய பெயர். மத்தியப் பிரதேசத்தில் மும்பை - தில்லி தடத்தில் இருக்கும் பெரிய ஜங்ஷன். அந்த ஊரின் ஒரு வார்டில் திறந்த சாக்கடை, சாராய ஆலையின் நாற்றமடிக்கும் கழிவுநீர், கழிப்பிடம் இல்லாத ஏழைகள் தெருவோரத்தையே நம்பியிருந்த அவலம், போதாததற்குக் கொசு. நகராட்சியிடம் கேட்டு அலுத்துப்போன வார்டுவாசிகள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்டிரேட்டிடம் போனார்கள். பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி உத்தரவிட அவருக்கு அதிகாரம் தரும் பிரிவு அது. ஆறு மாதத்துக்குள் திட்டம் தயாரிக்க வேண்டும் என்று அவர் உத்தரவிட்டார். செஷன்ஸ் நீதிமன்றம் அதைத் தள்ளியது. உயர் நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது. நகராட்சி விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே அது சொன்ன சமாதானம், "பணம் இல்லை" என்பது.

1980 ஜூலையில் தீர்ப்பு எழுதியவர் பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். உடன் அமர்ந்தவர் நம் ஆந்திர உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி ஓ.சின்னப்ப ரெட்டி. சட்டம் ஒப்படைத்த கடமையிலிருந்து, கையில் காசில்லை என்று கூறி ஒரு நகராட்சி நழுவ முடியாது என்பது தீர்ப்பின் சாரம். கெடுவும் வைத்தார்கள். அந்த 133ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவாக இருக்கிறது. நம் பகுதிக்கு அந்த அதிகாரம் எந்த அதிகாரியிடம் என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் வெறுங்கையோடு அங்கே போக முடியாது. கையில் காகிதம் வேண்டும்.

முதலில் வேலை யாருடையது என்று பாருங்கள். குஷாய்குடா முன்பு காப்ரா நகராட்சியில் இருந்தது; 2007இல் அது இன்னும் 11 நகராட்சிகளோடு மாநகராட்சியில் சேர்க்கப்பட்டது. வட்டமும் வார்டும் அடிக்கடி மாறும். புதைசாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மழைநீர் நாலா மாநகராட்சியின் பொறுப்பு. மனுவைத் தப்பான மேஜையில் கொடுத்தால் அது மேஜை மேஜையாக அலையும். சிக்னல்காரர் வேலையா, பாதைக்காரர் வேலையா என்று ரயில்வேயில் கோப்பு அலைவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஒரு மனுவில் ஒரே குறையை எழுதுங்கள். "எங்கள் தெரு மோசம்" என்றால் யாருக்கும் புரியாது. "இன்ன வீட்டு வாசலில் நாலாவுக்கு 4 மீட்டர் நீளத்துக்கு மூடி இல்லை" என்றால் மறுக்க முடியாது. நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு இறங்காதீர்கள். தெலுங்குக்கார அண்டைவீட்டார் கையெழுத்தும் கட்டாயம் வேண்டும். இது நம் சங்கத்துக் காரியம் மட்டுமல்ல.

அதற்கும் அசையாவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் தரக் கெடு 30 நாள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. நம்மவர்கள் பலர் "ஏன் இன்னும் சரிசெய்யவில்லை?" என்று எழுதி, மழுப்பல் பதிலை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். காரணம் கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். அதிலும் முக்கியமாக அளவுப் புத்தகத்தின் நகலைக் கேளுங்கள். எம்.பி. என்போம். கான்ட்ராக்டருக்குப் பில் போடும் முன் நீளம், அகலம், ஆழம் அளந்து பொறியாளர் கையெழுத்திடும் புத்தகம் அது. என் உத்தியோக வாழ்வில் எத்தனையோ பக்கங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்; அந்தக் கையெழுத்தின் கனம் எனக்குத் தெரியும். புத்தகத்தில் 60 மீட்டர் நாலா, தெருவில் 40 மீட்டர்தான் என்றால், டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உங்களைத் தேடி அவர்களே வருவார்கள். அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவின்படி வேலையைப் பார்வையிடவும், போட்ட பொருளில் சான்றளிக்கப்பட்ட மாதிரி பெறவும்கூட உரிமை உண்டு. சிமென்ட் எவ்வளவு, மணல் எவ்வளவு என்பது அதில் தெரிந்துவிடும்.

பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் அதே அலுவலகத்து மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். முத்திரை பெற்ற மனு, தேதியிட்ட புகைப்படம், அளவுப் புத்தக நகல் மூன்றும் ஒரு ஃபைலில் சேர்ந்துவிட்டால் மாஜிஸ்டிரேட்டிடம் போக நீங்கள் தயார்.

பள்ளியில் தெலுங்கு படித்த பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. மனு எழுதும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அவரவர் தெருவின் மனு நகலை எடுத்து வந்தால், உட்கார்ந்து சேர்ந்து பார்க்கலாம். டேப் நான் கொண்டுவருகிறேன்.