முயல்குட்டி கற்பித்த சொல்

குழந்தைக்குக் கதை படிக்கும்போது கடினமான சொல் வந்தால் சட்டென்று தாண்டி விடுகிறீர்கள், இல்லையா? பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் தாண்டவில்லை. 1909-ல் இங்கிலாந்தில் வெளிவந்த அவரது 'பிளாப்ஸி முயல்குட்டிகள்' கதையின் தொடக்கத்திலேயே 'ஸோபரிஃபிக்' என்று ஒரு சொல்! பெரியவர்களே அகராதியைப் புரட்ட வேண்டும். தூக்கத்தை வரவழைப்பது என்று பொருள்.

ஆனால் படத்தைப் பாருங்கள். லெட்டூஸ் கீரையை மூக்குமுட்டத் தின்றுவிட்டு ஆறு குட்டிகளும் குப்பைமேட்டில் உறங்குகின்றன. மக்கிரெகர் சாக்குடன் வருகிறார்; ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுகிறார். அப்போதும் விழிக்கவில்லை! கேட்கும் குழந்தைக்கு நெஞ்சு படபடக்கிறது. அகராதிக்கு அங்கே என்ன வேலை?

அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். "ஏன் கண்ணு, குட்டிகள் எழுந்திருக்கவே இல்லை?" என்று கேளுங்கள். பதில் அந்தச் சொல்லாகவே வரலாம். வராவிட்டால் என்ன? நாளை இரவும் இதே கதைதானே கேட்கப் போகிறது!