நுரையின் விலை யார் தலையில்?

மேலே நல்ல மழை பெய்தால் ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறப்பார்கள். தண்ணீரோடு வெள்ளை வெளேரென்று நுரையும் பொங்கி வரும். நாற்றம் தாங்காது. டிவிக்காரர்கள் படம் பிடித்துப் போவார்கள், ரெண்டு நாளில் ஊர் மறந்துவிடும். அந்தத் தண்ணீரைப் பாய்ச்சுகிற நாம மறக்க முடியுமா?

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூருக்குக் கிழக்கே ஓடி நம்ம எல்லைக்குள் வருகிறது. பெங்களூர்க் கழிவுநீரில் ஒரு பெரும் பகுதி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக இந்த ஆற்றில் சேர்கிறது. அதில் கரைந்திருக்கும் சோப்புச் சரக்கு, தண்ணீர் உயரத்திலிருந்து விழும்போது காற்றோடு கலந்து நுரைக்கிறது. நுரை இல்லாத நாளில் தண்ணீர் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். உப்பும் கன உலோகமும் நுரைக்காது.

பொருளாதார ஆய்வாளர்கள் இதைப் 'புறவிளைவு' என்கிறார்கள். இங்கிலாந்துப் பேராசிரியர் பிகூ 1920லேயே இதை விளக்கி எழுதினார். ஒருத்தர் தொழிலின் செலவில் ஒரு பங்கு, அவர் கணக்கில் ஏறாமல் அடுத்தவர் தலையில் விழுகிறது. கழிவைச் சுத்தம் செய்யாமல் மேலே ஒருவர் மிச்சம் பிடிக்கிற காசு, கீழே நமக்குப் போர் போடுகிற செலவாக, மாட்டு வைத்தியமாக, அரிப்புக்கு மருந்தாக வந்து நிற்கிறது. இன்னொரு வேடிக்கை: போர் போட்டாலும் மருந்து வாங்கினாலும் நாட்டு வருமானம் கூடியதாகவே கணக்கு. மண் கெட்டது அதில் எங்கேயும் கழியாது. நம்ம ஓசூர்ப் பக்கத்துக் கழிவுக்கும் இதே நியாயம்தான்.

இயற்கை விவசாயிக்கு இழப்பு இரட்டிப்பு. நாம ஒரு பிடி யூரியா போடுவதில்லை. ஆனால் நாம ஒதுக்கிய ரசாயனத்தை ஆறே கொண்டு வந்து வயலில் கொட்டினால், நம்ம விளைச்சலை நஞ்சில்லாதது என்று எப்படிச் சொல்லி விற்பது?

இதற்கு வழியே இல்லையா? பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்பது இந்த நாட்டுச் சட்டம் என்று தீர்ப்பளித்தது. இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையமும் அமைந்தது. 2001இல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 26.8 கோடி ரூபாய் என்று அது தீர்மானித்தது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரி பத்தாயிரம்கூடத் தேறாது. கெட்ட நிலத்துக்கு அது எந்த மூலைக்கு?

அதனால் நம்ம இழப்பை நாமே முதலில் எழுதி வைக்க வேண்டும். கோடையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை கிணற்று நீரையும் வாய்க்கால் நீரையும் தனித்தனியாகப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மின்கடத்துத் திறன் 0.7 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் உப்பால் தொல்லையில்லை. 3ஐத் தாண்டினால் பயிர் தாங்குவது கஷ்டம். கன உலோகத்துக்குத் தனிச் சோதனை வேண்டும். எந்தத் தேதியில் நுரை வந்தது, எந்தப் பயிர் எவ்வளவு குறைந்தது, வைத்தியச் செலவு எவ்வளவு என்று ரசீதோடு ஒரு நோட்டில் குறியுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரையும் எழுதச் சொல்லுங்கள். ஊரே சேர்ந்து எழுதினால் அதுதான் சாட்சி.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?