நட்டுவக்காலியும் கண்ணாடிப் பேழையும்

தேளெனில் அஞ்சுதல் உலக இயல்பு. எனினும், செடிகள் நட்ட கண்ணாடிப் பேழையில் தேள் வளர்த்து அதன் வாழ்க்கையை ஆராய விழையும் மாணாக்கர்க்கு முதற்கண் வேண்டுவது துணிவன்று. இனந்தெரிந்து தேரும் அறிவேயாம்.

இத்தேர்வுக்கு இடுக்கிக் கைகளே முதற்சான்று. பருத்த கைகளையுடைய தேள் அவற்றாலேயே இரையை நொறுக்குமாதலின், அதன் நஞ்சு பெரும்பாலும் வன்மை குன்றியது. கை மெலிந்து வால் தடித்ததோ நஞ்சையே நம்பி வாழ்வது. 1798இல் பப்ரீசியசு என்னும் அறிஞர் ‘தமுலுசு’ எனப் பெயரிட்ட செந்தேள் இவ்வகையினது. யாழ்ப்பாணத்து வறண்ட நிலத்திலும் காணப்படும் இது, இதயத்தையும் நுரையீரலையும் தாக்கிச் சிறாரின் உயிரைக் கவரவும் வல்லது.

பன்வில போன்ற மலைச்சாரல்களின் ஈரமண்ணுக்கு இயைந்த நட்டுவக்காலியோ, கரிய பேருருவால் அச்சமூட்டினும் புதிதாய்ப் பயில்வோர்க்கு ஏற்றது. செடிக்கு வேண்டும் ஈரமே அதற்கும் வேண்டும். நான்கு அங்குல மண், சருகு, மரப்பட்டை, ஆழமற்ற நீர்க்கலம், காற்றுப் புகும் இறுகிய மூடி ஆகியன போதும். ஒன்றையொன்று உண்ணவுங் கூடுமாதலின் பேழைக்கு ஒன்றே தகும். அதன் கொட்டும் நோவு தருவதே; சிலரது உடலுக்கு ஒவ்வாமையும் விளைக்கும். ஆதலின் கையால் தொடாது கண்ணால் கற்றலே முறை.

உருவிற் சிறிய செந்தேளை எளிதென எண்ணுதலும், பெரிய நட்டுவக்காலியைக் கண்டவுடன் கொல்லுதலும் ஒரே அறியாமையின் இரு கிளைகளாம்.