வேளாண் இயந்திரங்களில் கைகள் சிக்குவது ஏன்? ஆய்வுகள் கூறும் காரணம்

புது தில்லி: வட மாநிலங்களில் கோதுமை அறுவடைக் காலத்தில் கதிரடிக்கும் இயந்திரங்கள் நீண்ட நேரம் இயங்குகின்றன. அவற்றில் சிக்கித் தொழிலாளர்கள் விரலையோ கையையோ இழக்கும்போது, 'கவனக்குறைவு' என்பதே பெரும்பாலும் காரணமாகக் கூறப்படுகிறது. ஆனால், இயந்திரத்தின் வடிவமைப்பும் இக்காயங்களுக்கு முக்கியக் காரணம் என்பதை தில்லி ஐஐடி ஆய்வுகள் எடுத்துக்காட்டின.

ஆய்வு நடந்தது எப்படி?

பசுமைப் புரட்சிக்குப் பின் இவ்வியந்திரங்கள் பரவலானபோது காயங்களும் பெருகின. 2021-இல் மறைந்த பேராசிரியர் தினேஷ் மோகன் உள்ளிட்டோர், ஹரியாணா கிராமங்களில் வேளாண் காயங்களைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். யார் மீது தவறு என்பதைவிட, கை எவ்வாறு அந்த இடத்தைச் சென்றடைந்தது என்பதே இத்தகைய ஆய்வின் அடிப்படைக் கேள்வியாகும்.

தெரியவந்தது என்ன?

கதிர்களை உள்ளே தள்ளும் தட்டு குட்டையாகவும் திறந்தும் இருந்தால், தொழிலாளியின் கை சுழலும் உருளைக்கு மிக அருகில் செல்கிறது. கதிர்க்கட்டு உள்ளே இழுக்கப்படும் வேகத்தில் கையை விலக்க அவகாசம் கிடைப்பதில்லை. சோர்வும் மங்கிய வெளிச்சமும் ஆபத்தை அதிகரிக்கின்றன.

எனவே, தட்டின் நீளம் குறைந்தது 90 செ.மீ., அதில் மூடப்பட்ட பகுதி குறைந்தது 45 செ.மீ. இருக்க வேண்டும் என்று ஐஎஸ் 9020 என்னும் இந்தியத் தர விதி வரையறுக்கிறது. இந்த அமைப்பு இருந்தால், தொழிலாளி ஒரு கணம் அயர்ந்தாலும் கை உருளையை எட்டுவது கடினம்.

வீட்டு முற்றங்களில் உள்ள தீவனம் நறுக்கும் இயந்திரங்களின் சக்கரத்தைச் சுழற்றி விளையாடும் குழந்தைகளும் காயமடைகின்றனர். பயன்படுத்தாத நேரத்தில் சக்கரத்தைப் பூட்டி வைப்பதும், கத்திக்குத் தடுப்பு பொருத்துவதும் இதற்குத் தீர்வாக முன்வைக்கப்பட்டன.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வயல்வெளிகளுக்குப் பொருந்தாததாக இருந்தது. 1983-இல் இயற்றப்பட்ட அபாயகரமான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், கதிரடிக்கும் இயந்திரத்தின் பாதுகாப்பில் உற்பத்தியாளருக்கும் பொறுப்பை வரையறுத்தது.

எனினும், சட்டமும் தர விதியும் இருப்பதால் மட்டும் களத்தில் உள்ள பழைய இயந்திரங்கள் மாறிவிடுவதில்லை. விபத்துக்குக் காரணம் 'கவனக்குறைவு' என்று மட்டும் பதிவு செய்யப்பட்டால், அதே இயந்திரம் அடுத்த பருவத்திலும் அதே நிலையில்தான் இயங்கும்.