விழும் நீரில் ஏறும் கப்பல்

ஆஸ்லோ மாநகரத்தின் நடுவே ஓடும் ஆகெர்ஸெல்வா என்னும் சிறு நதி, நகருக்கு வடக்கே கடல்மட்டத்திலிருந்து 149 மீட்டர் உயரத்தில் கிடக்கும் மரிடால் ஏரியில் புறப்பட்டு, பத்துக் கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்திலேயே அத்தனை உயரத்தையும் இழந்து கடலைச் சேர்ந்துவிடுகிறது. தஞ்சைச் சமவெளியில் காவிரி அதே தூரத்துக்கு இறங்குவது சில மீட்டரே என்பதை நினைத்துக்கொண்டால், இது நதியா அல்லது நீண்ட அருவியா என்ற சந்தேகம் நமக்கு எழுவது நியாயந்தான். இத்தகைய நதியிலே படகு விடுவது அசாத்தியம் என்று கண்ட அந்நகரத்தார், அதன் ஒவ்வொரு வீழ்ச்சியிலும் ஒரு சக்கரத்தை நிறுத்தி, மரம் அறுத்தார்கள், மாவு அரைத்தார்கள், பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நெசவாலைகளையும் அதன் கரைகளில் நிறுவினார்கள். விழுகின்ற நீரைக் கண்டால் அதை வேலைக்கு வைத்துக்கொள்வது நார்வேக்காரர்களின் பழைய சுபாவம்.

ஆனால் அதே தேசத்தில், தலைநகரிலிருந்து சில மணி நேர ரயில் பிரயாண தூரத்தில், விழுகின்ற நீரைக்கொண்டே கப்பல்களை மலைமேல் ஏற்றுகிற இரண்டு நீர்வழிகள் இன்றும் இயங்குகின்றன. தென்கிழக்கே சுவீடன் எல்லையை ஒட்டிய ஹால்டன் கால்வாய் ஒன்று. தென்மேற்கே ஷீன் நகரிலிருந்து டாலன் கிராமம் வரை 105 கிலோமீட்டர் செல்லும் தெலமார்க் கால்வாய் மற்றொன்று. லாக் என்று நம் ஊர்ப் படகோட்டிகளும் பொறியாளர்களும் அழைத்துவந்த நீர்ப்பூட்டுகளே இவ்விரண்டுக்கும் உயிர்நிலை.

நீர்ப்பூட்டின் யுக்தி மிகப் பழையது. சீன தேசத்தின் பெருங்கால்வாயில், ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்குப் படகுகளை மண்சரிவின்மேல் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்த காலத்தில், இழுபடும் படகுகள் உடைவதும், உடைந்த படகிலிருந்து அரசாங்க வரித்தானியம் திருடுபோவதும் நித்திய சம்பவங்களாக இருந்தன. இதைச் சகிக்கமாட்டாத சியாவ் வெய்யுவே என்ற போக்குவரத்து அதிகாரி, கி.பி. 984-இல், ஏறத்தாழ 250 அடி இடைவெளியில் இரண்டு கதவுகளை அமைத்து, அவற்றின் நடுவே படகை நிறுத்தி நீர்மட்டத்தை ஏற்றவும் இறக்கவும் செய்தார். களவைத் தடுக்கப் புறப்பட்ட முயற்சியே உலகின் முதல் நீர்ப்பூட்டாக முடிந்தது. பின்னர் ஐரோப்பாவில், தூக்கும் கதவுக்குப் பதிலாக, நீரின் வரவை எதிர்நோக்கிக் கூம்பி நிற்கும் இரட்டைக் கதவு பழக்கத்துக்கு வந்தது. இந்தத் திருத்தம் மிலான் நகரில் பணிபுரிந்த லியனார்டோ டா வின்சியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. நீர் எவ்வளவு பலமாக அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக அக்கதவுகள் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும். தாழ்ப்பாளோ பூட்டோ தேவையில்லை. பகைவனின் பலத்தையே காவலாக்கிக்கொண்ட இந்த உபாயத்துக்கு மேலான ஒன்றை, ஐந்நூறு வருஷம் கழிந்தும், சாதாரணக் கால்வாய்களில் எவரும் கண்டுபிடிக்கவில்லை.

தெலமார்க் கால்வாயின் வ்ராங்ஃபோஸ் என்னுமிடத்தில், ஐந்து தொட்டிகள் படிக்கட்டுப்போல் அடுத்தடுத்து அமைந்து, கப்பலை 23 மீட்டர் உயர்த்துகின்றன. கீழேயிருந்து வரும் கப்பல் முதல் தொட்டிக்குள் நுழைந்ததும் அதன் பின்னால் கதவு சாத்தப்படுகிறது. மேல்தொட்டியிலிருந்து சிறு மதகுகள் வழியாக நீர் உள்ளே பாய, கப்பலானது தன் யந்திரத்தின் உதவி சிறிதுமின்றி, சுவரோரமாகவே மெல்ல எழும்புகிறது. இரு தொட்டிகளின் நீரும் ஒரே மட்டத்துக்கு வந்தவுடன் முன்கதவு திறக்கப்பட, கப்பல் அடுத்த தொட்டிக்குள் நகர்கிறது. இப்படியே ஐந்து முறை. இதிலே நீரை மேலேற்றும் பம்பு எதுவும் கிடையாது. மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கிற நீரை வழியில் சற்று நிறுத்தி வைப்பதும், பிறகு விடுவிப்பதுமே பூட்டுக்காரரின் முழுத்தொழிலும் ஆகும்.

தொட்டிகள் 31.4 மீட்டர் நீளமும் 6.6 மீட்டர் அகலமும் உள்ளவை. ஒரு படிக்குச் சராசரி 4.6 மீட்டர் உயரம் என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு தொட்டியை நிரப்ப 950 கன மீட்டர், அதாவது ஒன்பதரை லட்சம் லிட்டர் நீர் வேண்டும். சென்னை வாசகர்களுக்கு விளங்கும்படி சொல்வதானால், பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் தொண்ணூற்றைந்து. தொட்டி நிறைந்திருக்கும்போது கீழ்க்கதவின்மேல் விழும் பாரம், வாசற்படியின் மேல் இரண்டரை மீட்டர் ஆழத்தையும் சேர்த்துக்கொண்டால், உத்தேசமாக 140 டன். அந்நிலையில் அந்தக் கதவை யானைகளைப் பூட்டி இழுத்தாலும் திறக்க முடியாது. இருபுறமும் நீர் சமமான மறுகணமே ஒருவர் தம் கைபலத்தாலேயே அதை அசைத்துவிடலாம். உலேஃபோஸ் முதல் ஹொக்கா வரையுள்ள பூட்டுகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்ததுபோல, மனிதக் கைகளே இன்றும் கதவுகளை இயக்குகின்றன என்று கேட்டு ஆச்சரியப்படுகிறவர்கள் இந்தச் சமநிலையை யோசித்துப் பார்ப்பதில்லை.

இங்கே ஒரு சிறு விநோதத்தையும் சொல்லிவைக்கலாம். கப்பல் பெரிதானால் நீர் குறைவாகச் செலவாகும் என்று சிலர் நினைப்பார்கள். கப்பல் தொட்டியில் இடத்தை அடைத்துக்கொள்கிறதல்லவா? உண்மை அவ்வளவு எளிதன்று. ஏறுகிற கப்பல் மேல்நீரை அடைந்து வெளியேறும்போது, அது விட்டுச்சென்ற இடத்தை மேல்நீரே வந்து நிரப்பியாகவேண்டும். ஆகவே தொட்டி நீரோடு கப்பலின் எடைக்குச் சமமான நீரும் கூடுதலாகச் செலவாகிறது. இறங்குகிற கப்பலோ, உள்ளே நுழையும்போதே தன் எடையளவு நீரை மேலே தள்ளிவிட்டு வருவதால், அவ்வளவையும் மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. ஆர்க்கிமிடீஸ் கண்ட விதிக்கு வேறு எங்கும் இவ்வளவு நேர்மையான வரவுசெலவுக் கணக்கை நான் பார்த்ததில்லை.

நார்வேயில் இந்தச் சாதனம் தாமதமாகவே வந்தது. நீண்ட கடற்கரையுள்ள தேசத்துக்கு உள்நாட்டுக் கால்வாய் எதற்கு என்ற எண்ணம் ஒருபுறம். பாறையைக் குடையும் செலவு மறுபுறம். கடைசியில் அவர்களை அசைத்தது பிரயாணிகளின் சௌகரியம் அன்று, மரக்கட்டை. சுவீடன் எல்லையிலுள்ள ஐட்ஸ்கோக் காடுகளில் வெட்டிய மரம், நதியின் போக்கிலேயே விட்டால் சுவீடனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹால்டன் நகரத்து மரஅறுப்பு ஆலைகளோ மரத்துக்காகக் காத்திருந்தன. நதி சொல்லுகிற திசைக்கு எதிராக மரத்தைத் திருப்ப முடியுமா என்ற கேள்விக்கு விடை சொன்னவர், 1786-இல் பிறந்த எங்கெப்ரெட் ஸூட் என்ற கால்வாய்க் கட்டுநர். கல்லூரிப் படிப்பால் அல்லாமல் தம் சொந்த அநுபவத்தால் தொழில் கற்றவர். அறுபது வயதைத் தாண்டிய பருவத்தில் அவர் கட்டிய சிறு கால்வாய் 1849-இல் திறக்கப்பட்டது. ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குள் பதினாறு பூட்டுகளை வைத்து, கட்டைகளைப் பதினாறு மீட்டர் உயர்த்தி, மாங்கென் ஏரிக்குக் கொண்டுசேர்த்தார். அங்கிருந்து ஹால்டனை நோக்கி மரம் மிதக்கும். கப்பலுக்காக அன்றிக் கட்டைக்காகவே கட்டிய ஏணி அது. நார்வேயின் முதல் பூட்டுக்கால்வாயாகிய அது 1932 வரை வேலை செய்தது.

அதற்கடுத்து 1852 முதல் 1860 வரை ஹால்டன் நீர்வழியின் பூட்டுகள் எழுந்தன. ஸூட் 1859-இல் காலமானார். தாம் தொடங்கிய வேலை முற்றுப்பெற்றதை அவர் காணவில்லை. அவ்வருஷமே ஹால்டன் ஆலைக்காரர்கள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள் என்பதிலிருந்து, மரவியாபாரம் எவ்வளவு வலுத்திருந்தது என்று ஊகிக்கலாம். இந்தக் கால்வாயிலுள்ள பிரெக்கெ என்னும் பூட்டுத்தொடர் நான்கே தொட்டிகளில் 26.6 மீட்டர் உயர்த்துகிறது. பனாமாக் கால்வாய் மகாசமுத்திரக் கப்பல்களைத் தூக்குவது 26 மீட்டர்தான் என்பதை அறிந்தால், காட்டு நடுவே கேட்பாரற்றுக் கிடக்கும் இந்தச் சிறு ஏணியின்மேல் நமக்கு மரியாதை பிறக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு ஏணிகளைக் கட்டியவர்கள் கடலோடு கால்வாயை இணைக்கவே இல்லை. கீழ்முனையிலுள்ள டிஸ்டடால் வீழ்ச்சியில் கட்டைகள் தாமாகவே ஆலைகளுக்கு இறங்கிவிடும்போது, கப்பலுக்கு வழி செய்து பணத்தை விரயமாக்குவானேன் என்று விட்டுவிட்டார்கள்.

தெலமார்க் கால்வாயின் நோக்கம் இன்னும் விசாலமானது. ஷீனுக்கும் நோர்ஷோ ஏரிக்கும் இடைப்பட்ட பகுதி 1861-இல் முடிந்தது. அங்கிருந்து பண்டாக் ஏரி வரை செல்லும் கடினமான பகுதியை ஏறத்தாழ ஐந்நூறு பேர் ஐந்து வருஷம் பாறையை வெடித்துச் செதுக்கி 1892-இல் முடித்தார்கள். எட்டு இடங்களில் பதினெட்டுத் தொட்டிகள். மொத்த உயரம் 72 மீட்டர். மலைநாட்டு மரமும், வைக்கிங்குகளின் காலத்திலிருந்தே பேர்பெற்ற ஈட்ஸ்போர்க் சாணைக்கல்லும் இவ்வழியே இறங்கின. தானியமும் உல்லாசப் பிரயாணிகளும் ஏறினார்கள். 1882-இல் கட்டிய விக்டோரியா என்ற கப்பலும், 1907-இல் கட்டிய ஹென்ரிக் இப்ஸன் என்ற கப்பலும் இதில் ஓடுகின்றன. நாடகாசிரியர் இப்ஸன் ஷீனில் பிறந்தவர். தொட்டியின் அளவே கப்பலின் அளவை நிர்ணயிப்பதால், எந்த முதலாளியும் இங்கே போட்டிக்குப் பெரிய கப்பலைக் கொண்டுவர முடியவில்லை.

விழும் நீருக்கு வேறொரு கிராக்கி வந்தது. 1905-இல் தோன்றிய நோர்ஸ்க் ஹிட்ரோ கம்பெனி, தெலமார்க்கின் உட்பகுதியில் அருவிகளை மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கத் தொடங்கியது. 1911-இல் இயங்கத் தொடங்கிய வேமோர்க் மின்நிலையம் அன்று உலகிலேயே பெரியது. ஆரம்ப வருஷங்களில் நூடொட்டன் ஆலையின் உரமூட்டைகள் பார்ஜுகளில் ஏறி, லோவெய்ட், ஷீன் பூட்டுகளின் வழியாகவே கடலுக்குப் போயின. அதாவது, ஓர் அருவி செய்த சரக்கை இன்னோர் அருவியின் படிகள் இறக்கிவைத்தன. இந்த நல்லுறவு நீடிக்கவில்லை. 1920-களில் லுண்டே வரை ரயில் வந்ததும் சரக்கும் ஜனங்களும் தண்டவாளத்துக்கு மாறினார்கள். பூட்டுகளின் பக்கத்திலேயே மின்நிலையங்கள் எழுந்து, நீரைப் பங்கு கேட்டன. பிரெக்கெ பூட்டுகளே 1924-இல் மின்நிலையத்துக்கு அநுசரணையாகத் திருத்திக் கட்டப்பட்டவை. கப்பலை ஏற்றும் நீருக்கும் டர்பைனைச் சுழற்றும் நீருக்கும் விலை போட்டுப் பார்த்தால் எது வெல்லும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் மரக்கட்டைகள் விசுவாசம் மாறவில்லை; ஹால்டனில் 1982 வரையிலும் தெலமார்க்கில் 2006 வரையிலும் அவை நீரிலே மிதந்து வந்தன.

நம் பக்கிங்ஹாம் கால்வாயும் பூட்டுகள் உடையதுதான். 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கி, 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து, கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்ற அக்கால்வாயில் ஏறுவதற்கு மலை இல்லை. நதிகள் குறுக்கிடும் இடங்களில் கடலின் ஏற்றவற்றமும் மழைக்கால வெள்ளமும் கால்வாய்க்குள் புகாதபடி காப்பதே அங்கு பூட்டுகளின் கடமை. விறகும் உப்பும் நெல்லும் வந்த அந்த வழியின்மேல் இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. நார்வேக் கால்வாய்களும் நம் கால்வாயும் தம் பழைய பிழைப்பை இழந்தவையே. அவற்றைப் பேணினார்கள், இதைச் சாக்கடையாக்கினார்கள் என்று எழுதும்போது பேனா தயங்குகிறது, ஆனால் வேறு விதமாக எழுத வழியில்லை.

பேணுதல் அங்கும் தானாக வந்ததன்று. ஹால்டன் கால்வாயில் 1887 முதல் ஓடிய டூரிஸ்டென் என்ற நீராவிக் கப்பலை, 1967-இல் உபயோகமற்றதென்று ஏரியிலேயே மூழ்கடித்துவிட்டார்கள். முப்பது வருஷம் அடியில் கிடந்த அதை 1997-இல் வெளியே எடுத்து, பழுதுபார்த்து, 2009-இல் மறுபடி ஓடவிட்டார்கள். ஓர்யெ என்ற ஊரில் மூன்று தொட்டிப் பூட்டின் பக்கத்திலேயே கால்வாய் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது.

ஆஸ்லோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம்மவர்கள் இவற்றைப் பார்க்க விரும்பினால், கிறிஸ்டியான்ஸாண்ட் செல்லும் ரயிலில் லுண்டே நிலையத்தில் இறங்குவது உத்தமம். ஒற்றைத் தொட்டியுள்ள லுண்டே பூட்டு அருகிலேயே இருக்கிறது, ஐந்து தொட்டியுள்ள வ்ராங்ஃபோஸும் அதே வட்டாரத்தில்தான். கோடை மாதங்களில் மட்டுமே கப்பல் ஓடும் என்பதையும், வருஷத்துக்கு வருஷம் நேரவரிசை மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் கப்பலிலேயே ஏறிவிடாமல், முதலில் கரையில் நின்று ஒரு தொட்டி நிறைவதைப் பார்க்கச் செய்தால், பள்ளிக்கூடத்துப் பௌதிகப் பாடத்தின் பாதி அங்கேயே முடிந்துவிடும்.